நாலு கடையில் வாங்கிய கம்ப்யூட்டர்

கல்லாங்குத்து நிலத்தில் பனியன் கம்பெனி கட்டினேன். அஸ்திவாரம் தோண்ட வந்தவர்கள் இரண்டாம் நாளே கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெடி வைத்துப் பாறையை எடுத்து, அந்தக் கல்லிலேயே சுற்றுச்சுவர் எழுப்பினேன். ஓடாத மூன்று நிட்டிங் மெஷின்களை எடைக்கு வாங்கிப் பிரித்து, ஓடுகிற ஒன்றைச் செய்தேன். புழுதிதான் வருகிறது, போர்வெல்லை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்ன இடத்தில் இன்னும் ஐம்பதடி ஓட்டச் சொன்னேன், தண்ணீர் வந்தது. கூரைத் தகடு காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தில் விழுந்த வாரத்தில், நனைந்த துணியையெல்லாம் கயிற்றில் போட்டுத் திருப்பித் திருப்பிக் காயவைத்து, சொன்ன நாளில் சரக்கு ஏற்றினேன். சாயப்பட்டறைகள் பூட்டிக் கிடந்த மாதங்களில், சாயமே ஏறாத பழுப்புத் துணியில் குழந்தைச் சட்டை தைத்து விற்கலாம் என்று முதலில் யோசித்தவன் நான். மற்றவர்கள் பிறகு செய்தார்கள். வேலம்பாளையத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாக அறை கட்டினேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடுவேன்.

இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாதது ஒன்றே ஒன்று. எங்கள் சாம்பிள் ரூமில் இன்றைக்கு ஓடுகிற கம்ப்யூட்டரில் என் பங்கு என்ன என்று கேட்டால், என் வீட்டிலேயே பேச்சை மாற்றுகிறார்கள். இந்தக் கம்பெனிக்குள் வந்த எந்த மெஷினும் என் கை படாமல் வந்ததில்லை. இது மட்டும் தானாக நடந்து வந்ததா? நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

சாம்பிள் ரூம் என் மருமகள் பொறுப்பு. துணிமணி டிசைன் படித்த பெண், கெட்டிக்காரி. அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. மகன் நிட்டிங்கும் சாயமும் பார்க்கிறான். இந்த விஷயத்தில் அவள் பேசும்போது அவளைப் பார்த்துத் தலையாட்டினான், நான் பேசும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அவனைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எங்களிடம் வருடா வருடம் குழந்தைகள் இரவு உடுப்பு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒருவர், இந்தத் தடவை தைத்த சாம்பிளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முப்பத்தாறு ஸ்டைல். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே தைத்து, பொம்மைக் குழந்தைக்குப் போட்டு, சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கடைசி நாள். தவறினால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும், ஒரு தையல் லைன் முழுக்கச் சும்மா உட்காரும்.

சாம்பிள் ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு சட்டைக் கையை இடப்பக்கம் நகர்த்தினால், அது நகர்வதற்குள் நான் டீ குடித்து டம்ளரைக் கழுவிவைத்துவிடுவேன். அதைக் கண்ணால் பார்த்ததால்தான் புதிது வாங்க ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மருமகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். இன்ன மூளை, இன்ன போர்டு, இன்ன மெமரி, படம் காட்டுகிற கார்டு, பவர் டப்பா, எல்லாவற்றையும் அடைக்கிற கேபினெட் என்று தமிழில் வரிவரியாக எழுதியிருந்தாள்.

"மாமா, கடையில ரெடியா விக்கறது நம்ம சாப்ட்வேருக்கு ஆகாதுங்க. கோயமுத்தூருல ஒரு கடை இருக்குதுங்க. இந்தச் சாமானத்தையெல்லாம் அவங்களே போட்டு, கட்டி, ஓட்டிப் பாத்து, கொண்டாந்து வெச்சிருவாங்க. மூணு நாளுங்க."

"ஒரே கையிலயா குடுக்கறது?"

"ஆமாங்க. ஏதாச்சும் கோளாறுன்னா ஒருத்தரைக் கேட்டாப் போதுமுங்க."

"அம்மிணி, இந்த ஊருல எந்த பனியனாச்சும் ஒரே கையில செஞ்சதுண்டா?"

கிடையாது. நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், துணியைச் சுருக்கி அழுத்துகிற காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம். அத்தனை பேரையும் ஓட்டி ஒரே பெட்டியில் அடைப்பவன்தான் எக்ஸ்போர்ட்டர். எல்லாவற்றையும் ஒருவனிடம் கொடுத்தால் அவன் வைத்ததுதான் சட்டம். நாற்பது வருடமாக நான் பார்த்த வேலை இது. இதில் எனக்கு ஒருவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"தாளை இங்க வெச்சுட்டுப் போ கண்ணு. நான் பாத்துக்கறேன்."

"மாமா, அடுத்த சனிக்கிழமைக்குள்ள அது ஓடோணுமுங்க. அதுக்கப்புறம் எனக்கு ஆறு நாளு வேணுமுங்க. அதுல ஒரு நாளு கொறைஞ்சாலும் முப்பத்தாறும் முடியாதுங்க."

"ஓடும் போ."

அடுத்து நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். வேலையைப் பிரித்து வெளியில் ஜாப் ஒர்க் கொடுக்கிறவன் எவனும் முழுத் தாளைக் காட்டமாட்டான். நிட்டிங்காரனுக்குச் சாயத்தின் விவரம் தெரியக் கூடாது, சாயக்காரனுக்குத் தையலின் விவரம் தெரியக் கூடாது. தெரிந்தால் நம் அவசரம் தெரியும், பார்ட்டி யார் என்று தெரியும், மொத்த வேலையும் தனக்கே வேண்டும் என்பான். அதனால் கட்டிங் டேபிளில் இருந்த பெரிய கத்தரியை எடுத்து மருமகளின் தாளை நான்கு துண்டாக நறுக்கினேன். மூளையும் போர்டும் ஒரு துண்டு. மெமரி ஒரு துண்டு. கார்டும் பவர் டப்பாவும் ஒரு துண்டு. கேபினெட் ஒரு துண்டு. நான்கையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை மொபெட்டை எடுத்தேன்.

முதல் மூன்று கடையிலும் வேலை சுலபமாக முடிந்தது. அந்தந்தத் துண்டை நீட்டினேன், பேசினேன், படி இறங்கினேன், கூப்பிட்டார்கள், மறுபடி ஏறினேன். மெமரிக் கடைக்காரர் துண்டைப் பார்த்துவிட்டு, "அறுபத்தி நாலு தானுங்களே, புதுசா வந்ததும் இருக்குது, பழைய ரகமும் இருக்குது. எது வேணுமுங்க?" என்று கேட்டார். துண்டில் அறுபத்து நான்கு என்று மட்டும்தான் இருந்தது. நூலின் பருமனைச் சொல்கிற கவுண்ட் ஒன்றாக இருந்தால் எந்த மில் நூலும் அதே மெஷினில் ஓடும். "நல்லா ஓடி அனுபவப்பட்ட ரகத்தையே குடுங்க" என்றேன்.

நான்காவது கேபினெட் கடை. அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாம் கண்ணாடி. உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்கு ஓடுகிறது.

"ஏனுங்க, இது கம்ப்யூட்டர் வெக்கறதுக்கா, இல்ல கல்யாண மண்டபத்து வாசல்ல வெக்கறதுக்கா?"

"இப்பெல்லாம் இதுதானுங்க ஓடுது. காத்து நல்லா உள்ள இழுக்குமுங்க."

காற்றை இழுக்கும் என்றால் பஞ்சையும் இழுக்கும். எங்கள் சாம்பிள் ரூமுக்கும் நிட்டிங் ஹாலுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். கதவைத் திறந்தால் பஞ்சு பறந்து வரும். மேலே விசிறி போட்டு ஊதிக்கொண்டே இருக்காவிட்டால் நிட்டிங் மெஷின் ஊசியையே பஞ்சு மூடிவிடும். பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிற பஞ்சு ஒரு தலையணைக்கு ஆகும். இதற்காகவே கிளம்பும்போது மெஷினுக்கு அடியில் சேர்ந்த பஞ்சை ஒரு பாலிதீன் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். விளக்கு எரிந்துகொண்டு ஓடிய ஒரு கண்ணாடிக் கேபினெட்டின் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தூவினேன். அத்தனையையும் சர்ரென்று உள்ளே இழுத்தது. விசிறி றெக்கையில் சுற்றியது, உள்ளே இருந்த தகட்டில் ஒட்டியது.

கடைக்காரர் எழுந்து ஓடிவந்தார். "ஏனுங்க பெரியவரே! கடைக்குள்ள என்ன பண்றீங்க! அது ஷோபீசுங்க!"

"எங்க கம்பெனியில காத்துங்கறதே இதுதானுங்க. இதைத் தாங்கற டப்பா இருந்தா எடுத்துப் போடுங்க."

"அப்படி ஒன்னும் இல்லீங்க. நீங்க கெளம்புங்க."

நான் கிளம்பவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு விசிறியைக் கழற்றிப் பிரஷ் வைத்துத் தட்டிக்கொண்டே என்னை முறைத்தார். அரை மணி கழித்து, மாடிக் குடோனில் இருந்து ஒரு கறுப்பு டப்பாவைக் கொண்டுவந்து தொப்பென்று போட்டார். "ரெண்டு வருசமாக் கேக்க நாதியில்லாமக் கெடக்குதுங்க. வேணுமின்னா எடுத்துட்டுப் போங்க." கெட்டித் தகடு. கண்ணாடி இல்லை. முகப்பு முழுக்க நெருக்கமான வலை, இழுத்தால் மேஜை டிராயர் மாதிரி கையோடு வரும், தட்டிவிட்டுத் திரும்பச் செருகலாம். பஞ்சைத் தூவிப் பார்த்தேன். எல்லாம் வலையிலேயே நின்றது.

அந்த டப்பாவைத் தேர்ந்தெடுத்தவன் நான். வேறு யாரும் இல்லை.

புதன்கிழமைக்குள் எல்லாம் வந்து சேர்ந்தன. வியாழக்கிழமை போர்டு கடைக்காரர் தானே வந்து பூட்டித் தருவதாக உட்கார்ந்தார். மூளையைப் போர்டில் வைத்தார். மெமரியை எடுத்தார், செருகினார், திருப்பிச் செருகினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அண்ணா, இது இதுல ஏறாதுங்க. வெட்டு வேற எடத்துல இருக்குது. இது பழைய ரகம், போர்டு புது ரகமுங்க."

சரி, அதை வைத்துவிட்டு கார்டைப் பொருத்திப் பார்க்கலாம் என்றேன். செங்கல் கனத்துக்கு இருந்தது அந்தக் கார்டு. கேபினெட்டுக்குள் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். இரண்டு விரற்கடை நீளம் வெளியே நின்றது.

மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "மாமா, நான் எழுதிக் குடுத்த தாளு எங்கீங்க?"

சட்டைப் பையில் இருந்து நான்கு துண்டையும் எடுத்து டேபிளில் வைத்தேன். அவள் செலோடேப்பை எடுத்து நான்கையும் ஒட்டினாள். பிறகு விரலை வைத்துக் காட்டினாள். போர்டு வரியில், மெமரி எந்த ரகம் என்று எழுதியிருந்தது. அது முதல் துண்டோடு போய்விட்டது. கார்டு வரியில், கேபினெட் உள்ளே இத்தனை நீளம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அது மூன்றாவது துண்டோடு போய்விட்டது.

"ஒன்னைப் பாத்துத்தானுங்க இன்னொன்னு வாங்கோணும். அதுக்குத்தான் ஒரே தாளுல எழுதினனுங்க."

நாற்பது வருடத்தில் என் முன்னால் யாரும் அப்படி மெதுவாகப் பேசியதில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அன்று சாயங்காலம் வரை போன்தான். மெமரிக் கடைக்காரர் துண்டில் உள்ளதைக் கொடுத்தேன் என்கிறார். போர்டு கடைக்காரர் என் சாமான் சுத்தம் என்கிறார். கார்டு கடைக்காரர் கேபினெட்டைக் குறை சொல்கிறார். கேபினெட் கடைக்காரர், "நீங்க பஞ்சைத் தூவிப் பாத்து எடுத்ததுங்க, நானா குடுத்தேன்?" என்கிறார். எனக்கு இது புதிதில்லை. துணியில் ஓட்டை விழுந்தால் நிட்டிங்காரன் நூலைச் சொல்வான், நூல்காரன் சாயத்தைச் சொல்வான், சாயக்காரன் நிட்டிங்கைச் சொல்வான். அதற்கு எங்களிடம் வைத்தியம் உண்டு. எல்லோரையும் ஒரே டேபிளுக்கு இழுத்துவர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை நான்கு பேரையும் வரச் சொன்னேன். இரண்டு பேர் வந்தார்கள். மற்ற இரண்டு பேரின் கடைக்கும் நானே போய், ஷட்டர் திறக்கும்போது வாசலில் நின்று, கையோடு கூட்டிவந்தேன். ஒருவரை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து ஓட்டிவந்தேன். துணி பார்க்கிற செக்கிங் டேபிளில் அடிவிளக்கைப் போட்டு எல்லாப் பாகத்தையும் பரப்பினேன். ஒட்டிய தாளை நடுவில் வைத்தேன்.

"யாரு மேல தப்புன்னு இங்க பேசக் கூடாதுங்க. யாரு எதை மாத்தித் தருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க. சொல்லாம ஒருத்தரும் டீ குடிக்க முடியாது."

போர்டு கடைக்காரர் சிரித்துவிட்டார். "தாளை வெட்டினது யாருன்னும் பேசக் கூடாதுங்களா?"

"அதையும் பேசக் கூடாது."

மெமரிக் கடைக்காரர் முனகிக்கொண்டே புது ரகத்துக்கு மாற்றித் தர ஒத்துக்கொண்டார். அது தீர்ந்தது. கார்டு தீரவில்லை. சின்னக் கார்டு இருக்கிறது, ஆனால் வலு குறைவு என்றார் அந்தக் கடைக்காரர். வலு குறைந்தால் துணி மடிப்பு விழுவது கூடத் திரையில் நேரத்துக்கு வராது என்று மருமகள் மறுத்துவிட்டாள். கேபினெட் கடைக்காரர் உடனே, "என்ற கடையில பெரிய கண்ணாடி டப்பா ஒன்னு இருக்குதுங்க, இப்பவே கொண்டாறேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கே நின்றிருந்த என் மகனும் ஆட்டினான்.

"ஆகாது" என்றேன்.

"மாமா, நாளைக்கு சனிக்கிழமைங்க." மருமகளின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "ஒரு டப்பாவுக்காக ஆர்டர் போகோணுமுங்களா?"

"கண்ணாடி டப்பாவை வெச்சா மூணு மாசத்துல பஞ்சு அடைச்சு நிக்கும் அம்மிணி. அப்ப அடுத்த ஆர்டர் போகும்."

"மூணு மாசம் கழிச்சு வர்றதை அப்பப் பாத்துக்கலாமுங்க."

நான் பேச்சை விட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்தேன். கறுப்பு டப்பாவின் உள்ளே அளந்தேன். முன்பக்கத்தில் தகட்டில் ஒரு அடுக்குக் கூண்டு ரிவெட் அடித்து நின்றது. "இது எதுக்குங்க?" என்று கேட்டேன். பழைய கால டிஸ்க் வைப்பதற்கு என்றார்கள். இப்போது யார் வைக்கிறார்கள் என்றேன். யாரும் இல்லை என்றார்கள். அந்தக் கூண்டுதான் வழியில் நின்றது. அது போனால் மூன்று விரற்கடை இடம் கிடைக்கும்.

"அறுத்தரலாம்" என்றேன்.

"அறுத்தா திருப்பி எடுத்துக்கமாட்டனுங்க" என்றார் கேபினெட் கடைக்காரர்.

"திருப்பித் தர்றேன்னு யாருங்க சொன்னது?"

அதில் இருந்த விசிறி, வலை எல்லாவற்றையும் கழற்றி எடுக்கச் சொன்னேன். டப்பாவை மெயின்டனன்ஸ் ஷெட்டுக்குத் தூக்கிப்போய், ஃபிட்டர் கையில் இருந்த டிரில்லை வாங்கி, ரிவெட் ஒவ்வொன்றின் தலையையும் நானே துளைத்தேன். எட்டு ரிவெட். கடைசி இரண்டு மூலையில் இருந்தன. டிரில் வழுக்கிக் கட்டைவிரலில் கிழித்தது. கூண்டு கழன்று விழுந்தது. அரம் போட்டு விளிம்பைத் தேய்த்து, இரும்புத் தூள் ஒரு துளி இல்லாமல் ஏர் பைப்பால் காற்றடித்து, ஈரத்துணியால் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன்.

கார்டு உள்ளே போனது. ஒரு விரல் இடம் மிச்சம்.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் ஓடியது. மருமகள் சொன்னபடி ஆறு நாளில் முப்பத்தாறையும் முடித்தாள். அந்த ஆறு நாளும் அவள் வேலை செய்ததைப் பார்த்தவன் நான். அதில் பங்கு கேட்கமாட்டேன். பையர் இரண்டு காலரை மட்டும் மாற்றச் சொன்னார். பாதிக்கு மேல் ஆர்டர் எங்களுக்கு வந்தது. லைன் நிற்கவில்லை. வாரம் ஒரு தடவை அந்த வலையை இழுத்துத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கம்பளி மாதிரிப் பஞ்சு உரிந்து வருகிறது. உள்ளே துடைத்துவைத்தது போல இருக்கிறது. ஒருவரும் இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

போன மாதம் சிறு எக்ஸ்போர்ட்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், சாம்பிள் ரூமைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதைப் பற்றிப் பேச மருமகளைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நன்றாகப் பேசினாள். கடைசியில் கம்ப்யூட்டரின் பாகங்களைத் திரையில் போட்டாள். தமிழிலும் போட்டிருந்ததால் என்னாலும் படிக்க முடிந்தது. மூளை: இன்ன காரணத்துக்காக. மெமரி: இன்ன காரணத்துக்காக. கார்டு: இன்ன காரணத்துக்காக. கடைசி வரி, கேபினெட்: ஏற்கனவே இருந்தது.

ஏற்கனவே இருந்ததாம்! எங்கே இருந்தது? குடோனில் இரண்டு வருடமாக யாரும் சீண்டாமல் கிடந்தது. பக்கத்தில் இருந்தவர், "மருமகப் புள்ள பின்றாங்களே" என்று என் தொடையைத் தட்டினார். ஆமாங்க என்றேன்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"அம்மிணி, கேபினெட்டு ஏற்கனவே எங்க இருந்துச்சு?"

அவள் ஓட்டிக்கொண்டே கியரை மாற்றினாள். "மாமா, நெசத்தைச் சொல்றனுங்க. அந்த டப்பா நீங்க வாங்கினதுன்னு போட்டா, தாளை வெட்டினதையும் சொல்லோணுமுங்க. அத்தனை பேரு முன்னாடி உங்களைப் பாத்துச் சிரிப்பாங்களேன்னு விட்டுட்டனுங்க."

என் மரியாதைக்காகத்தான் மறைத்தாள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி ஒரு மரியாதை எனக்கு வேண்டாம். நான் பாறையில் கட்டிடம் கட்டியபோதும் சிரித்தார்கள். சிரிப்பைப் பார்த்து நான் எந்த வேலையையும் ஒளித்ததில்லை, எந்த வேலையையும் விட்டதுமில்லை.

அதனால் இப்போது கேட்கிறேன். மருமகளும் இதைப் படிப்பாள் என்று தெரிந்தே கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தத் திரையைத் திருத்த வேண்டும். தாளை நான்காக வெட்டியது மாமனார் என்று போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கொட்டை எழுத்தில்கூடப் போடட்டும். அதற்குக் கீழேயே கேபினெட் வரியில், பஞ்சுக்குத் தாங்குகிற டப்பாவைத் தேடி எடுத்தது மாமனார், எல்லோரும் வேண்டாம் என்றபோது வைத்துக்கொண்டது மாமனார், எட்டு ரிவெட்டையும் தன் கையால் துளைத்து கார்டுக்கு இடம் செய்தது மாமனார் என்று போட வேண்டும். இதில் ஒரு சொல்லும் குறையக் கூடாது.